எல்லைக்கல் நகர்ந்த தூரம்

என் அப்பா எந்த இடத்தில் கிடக்கிறார் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தவள் நான். ஆட்டு மந்தைகள் போகிற பொதுப் பாதையில், மேட்டிலிருந்து இறங்கும்போது வருகிற மூன்றாவது எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில். கண்ணைக் கட்டி விட்டாலும் நேராகப் போய் நிற்பேன். தோண்டுகிறவர்கள் புர்கோஸ் நகரத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய அன்று, அவர்கள் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்தக் கல்லின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இங்கதான் கண்ணு. கல்லுக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஆள் நீளத்துக்குத் தோண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி எங்கப்பாவப் பார்த்துடலாம்."

நான் சொன்னது இத்சியாரிடம். அவள்தான் தோண்டும் கூட்டத்துக்குத் தலைவி. வடக்கே பாஸ்க் பக்கத்துப் பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். எழுபது வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் சுட்டுப் புதைத்த ஆட்களை ஊர் ஊராகத் தோண்டி எடுத்துக் குடும்பத்திடம் ஒப்படைப்பதுதான் அவளுக்கு வேலை.

"விட்டா நீங்களே தோண்டிடுவீங்க போலிருக்கே, தோமித்திலாம்மா" என்று சிரித்தாள்.

"இடுப்பு ஒத்துழைச்சா தோண்டியிருப்பேன். உன்னக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன், போ."

அப்பா பெயர் சத்தூரியோ. கூலிக்கு அறுவடை செய்தவர். முப்பத்தாறாம் வருஷம் வசந்தத்தில் ஊர்சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். போய் உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. மந்தைப் பாதைப் புறம்போக்கைப் பெரிய வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக உழுது விழுங்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லைக்கல்லுக்குக் கால் உண்டு என்று சொல்வார்கள். விதைப்புக்கு விதைப்பு அது நடக்கும். அப்பாவும், கொல்லன், வாத்தியார் என்று இன்னும் நாலு பேரும் சங்கிலி பிடித்து அளந்து, கற்களைப் பிடுங்கி, பழைய இடத்திலேயே நட்டார்கள். ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம், யாரோ மேளம்கூடக் கொட்டினார்களாம். கோடையில் ராணுவம் கலகம் செய்தது. எங்கள் பக்கத்தில் சண்டையே நடக்கவில்லை, ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, இருந்தாலும் ஆகஸ்டு மாதம் களத்தில் கதிரடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. கல் நட்டதற்கு உயிர்! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அப்போது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அம்மா பிரிஸ்கா வெளியூர்க்காரி, தையல் தெரிந்தவள், வயல் வேலை பழகாதவள். அவளை வயிற்றுப் பிள்ளைக்காரி என்றும் பார்க்காமல் தலையை மொட்டையடித்து, வாயில் விளக்கெண்ணெய் ஊற்றி, சதுக்கத்தைச் சுற்றி நடக்கவிட்டு ஊரைவிட்டுத் துரத்தினார்கள். போகிற வழியில் ஒரு இடையன் அவள் காதில் சொன்னானாம்: மூணாவது கல்லுப் பக்கத்துல. அதை மட்டும் நெஞ்சில் முடிந்துகொண்டு அக்காள் வீட்டுக்குப் போனாள். பல வருஷம் கழித்துத்தான் திரும்பி வர விட்டார்கள். வந்த வருஷமே, நவம்பர் முதல் தேதி, எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போன நாளில், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கல்லுக்குப் போய்ப் பூவை வைத்தாள். காவல்காரர்கள் மிதித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷமும் வைப்பாள். செத்துப்போகிறவரைக்கும் வைத்தாள். அதற்குப் பிறகு நான் வைத்தேன்.

அந்தக் கல்லின் அடியில்தான் தோண்டினார்கள். பொக்லைன் மேல்மண்ணைச் சீவிக்கொண்டே போனது, இத்சியாரோடு வேலைக்கு வந்த பிள்ளைகள் கரண்டியும் தூரிகையுமாக மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று. ஒன்றுமில்லை. மறுநாள் அகலமாக வெட்டினார்கள், அதற்கு மறுநாள் நீளமாக வெட்டினார்கள். களிமண், கல், ஒரு பழைய லாடம். நான் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரலே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் இத்சியார் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைத் துடைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, இது யாரும் கை வைக்காத மண்ணு. இங்க யாரும் குழி வெட்டுனதே இல்ல. பொக்லைன் நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான். அடுத்த ஊர்ல காத்துட்டிருக்காங்க."

"எங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லலியே."

"பின்ன என்னடி சொல்ற?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நியேவெஸ் மதுக்கடையில் போய் உட்கார்ந்தேன். நியேவெஸ் ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் சிவப்பு வைனும் சுட்ட மோர்சியா இரண்டு துண்டும் வைத்தாள். ரத்தமும் அரிசியும் அடைத்த அந்தக் குடலை வேறு நாளாக இருந்தால் ஒரே வாயில் போட்டிருப்பேன். அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்தேன். பக்கத்து மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் குரலைக் குறைத்தார்கள். குறைக்கிற மாதிரி குறைத்து, எனக்குக் கேட்கிற மாதிரி பேசுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை.

"மலைப் பள்ளத்துக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு எங்கப்பா அப்பவே சொல்லுவாரு."

"அப்ப அந்தம்மா இத்தன வருஷம் வெறும் மண்ணுக்குத்தான் பூ வச்சுதா?"

நான் எழுந்தேன். "டேய், இன்னொரு தடவ சொல்லு. சொல்லிட்டு, அந்தச் சீட்ட எங்க சொருகுறேன்னு பாரு."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன் தோமித்திலாக்கா..."

"பேச்சுக்குப் பேசுற வாய வச்சிக்கிட்டுத்தான்டா இந்த ஊரு எழுபது வருஷமா பேச வேண்டியதப் பேசல!"

கதவை அறைந்து சாத்திவிட்டு மறுபடி வயலுக்கே நடந்தேன். வேறு எங்கே போவது?

அங்கே எல்பிதியோ நின்றுகொண்டிருந்தான். பாதையை ஒட்டிய நிலம் அவனுடையது. அந்த நாள் பெரிய வீட்டுக்காரர் மாக்சிமினோவின் மகன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மூன்று நாளும் இதே மாதிரி தன் நிலத்துக்குள் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாப்பிடக்கூடப் போகவில்லை. நாங்கள் தோற்பதை ரசிக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அவனுக்கும் எனக்கும் எப்போதும் வாய்ச்சண்டைதான். ஊரிலேயே சுத்தமாக உழுகிறவன் என்று அவனுக்குப் பேர், ஆனால் அந்தச் சுத்தமான வயலின் நடுவில் ஒரு கட்டிலை விடக் கொஞ்சம் பெரிய இடம் மட்டும் உழாமல் முள்ளும் புல்லுமாகக் கிடக்கும். அடியில் பாறை என்பான். "எல்பிதியோ, தாடியச் சவரம் பண்ண மறந்துட்டியா?" என்று நான் கேட்காத வருஷம் கிடையாது. ஊரே அதை எல்பிதியோ தாடி என்றுதான் சொல்லும்.

"என்னய்யா, வேடிக்க முடியலியா? பயப்படாத, உன் நிலத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுக்க மாட்டோம்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "எடுக்கணும்" என்றான்.

"என்னது?"

"என் நிலத்துலதான் எடுக்கணும். தாடியில."

நாற்காலியைத் தேடினேன்; அது அந்தப் பக்கம் கிடந்தது. நின்றபடியே அவன் சொன்னதைக் கேட்டேன்.

எல்பிதியோ சிக்கனமாகப் பேசுகிறவன், ஒவ்வொரு வார்த்தையையும் பிடுங்கிப் போடுகிற மாதிரி பேசினான். "உங்கப்பா நட்ட கல்லு தாடிக்குப் பக்கத்துல இருந்துச்சு. அவங்கள லாரியில ஏத்துன அந்த வருஷமே, விதைப்புக்கு முன்னாடி, எங்கப்பன் கல்லப் பிடுங்கி இங்க கொண்டாந்து நட்டான். கேக்க யாரு இருந்தா? உங்கம்மா திரும்பி வந்தப்போ கல்லு இங்க நின்னுச்சு, பூவ இங்க வச்சாங்க."

"அவங்க அங்க இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"கலப்பையில வந்துச்சு. நான் கோவேறு கழுத பின்னாடி நடந்து போவேன், சின்னப் பையன். கயித்துச் செருப்பு ஒண்ணு வந்துச்சு. செருப்பு மட்டும் இல்ல." தாடியின் பக்கம் திரும்பிக்கொண்டான். "எங்கப்பன் கையாலயே மண்ணத் தள்ளி மூடுனான். எனக்கு ஒரு அறை விட்டான். பாறை, கேட்டா பாறைன்னு சொல்லுன்னான். அன்னையிலேர்ந்து அந்த இடம் வந்தா கலப்பையத் தூக்கிடுவான். அவனுக்கப்புறம் நான் தூக்குறேன். டிராக்டர் வந்தப்புறமும் தூக்குறேன்."

அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அறையலாமா, கட்டிப் பிடித்து அழலாமா? இரண்டுக்கும் கை துடித்தது. எங்கள் ஊரில் கல் நடக்கும் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும், இந்த ஒரு கல் நடந்திருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செத்தவன் தலைமாட்டுக் கல்லை எவனும் தொடமாட்டான் என்று நம்பியிருந்தோம்.

"மூணு நாளா நின்னு பாத்துட்டே இருந்தியேடா, பாவி! வாயத் தொறந்தா என்ன?"

"தொறந்தா எங்கப்பன் திருடன்னு ஆயிடும். செத்தவங்க நிலத்தத் திருடுனவன்னு." இப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "தோமித்திலா, காலையில வந்து தோண்டுங்க. சம்மதம்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா கல்லப் பத்திப் பேச்சு வரக் கூடாது. கெழவனுக்கு ஏதோ சந்தேகம், தோண்டச் சொன்னான்னு மட்டும் சொல்லு."

சத்தியமாகச் சொல்கிறேன், 'சரி' என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் அப்பா கிடக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அம்மாவின் மொட்டைத் தலை ஞாபகத்துக்கு வந்தது. நான் அதைப் பார்த்ததில்லை, அவள் வயிற்றுக்குள் இருந்தேன், இருந்தாலும் வந்தது. நாளைக்கு மதுக்கடையில் என்ன பேசுவார்கள்? இடம் தெரியாத பைத்தியக்காரி வெறும் மண்ணில் அழுதாள் என்று பேசுவார்கள்.

"முடியாது" என்றேன்.

"முடியாதா? உனக்கு உங்கப்பன் வேணுமா, வேணாமா?"

"வேணும். முழுசா வேணும். எலும்ப எங்கிட்டக் குடுத்துட்டு, அவரு எதுக்காகச் செத்தாரோ அத உன் வீட்டுல வச்சுப்பியா? ஊரு முன்னாடி நீயே சொல்லு, கல்ல யாரு நகர்த்துனான்னு."

"அப்ப என் சம்மதம் கிடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் இத்சியார் ஒரு பிடி மண் எடுக்க மாட்டாள், சட்டம் அப்படி. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, நீ சொன்னபடியே ஆகட்டும் என்று கெஞ்சலாம். கால் இரண்டும் அவன் பின்னாலேயே போகப் பார்த்தன. போகவில்லை. நான் சத்தூரியோ மகள். எல்பிதியோவை எனக்கு அறுபது வருஷமாகத் தெரியும், அவன் கெட்டவன் இல்லை, கோழை. கோழைக்கு ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன். இத்சியாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்.

காலையில் கடைசி நாள் என்று கேள்விப்பட்டு ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நேற்றுச் சீட்டாடினவனும் வந்திருந்தான், என் கண்ணில் படாமல் நியேவெஸ் பின்னால் நின்றான். பொக்லைன்காரன் மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ள இயந்திரத்தைக் கிளப்பினான். தோற்றுவிட்டேன், என் வாய்க்கொழுப்பினால் அப்பாவை இரண்டாம் தடவை புதைக்கிறேன் என்று நினைத்தேன்.

டிராக்டர் சத்தம் கேட்டது. எல்பிதியோ தன் வயல் நடுவில் ஓட்டிக்கொண்டு வந்து, தாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கினான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அந்த மெஷின நிறுத்துங்க" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. "நிறுத்துங்கடா!" என்று கத்தினான். எல்பிதியோ கத்தி நான் கேட்டதே இல்லை. பொக்லைன் நின்றது.

"கல்ல எங்கப்பன் நகர்த்துனான்" என்றான். "சத்தூரியோ நட்ட இடம் இது. இதுலேர்ந்து பாதை வரைக்கும் புறம்போக்கு. எங்களோடது இல்ல, ஊரோடது. பிரிஸ்காம்மா இடம் தெரியாம அழல. கல்ல நம்பி அழுதாங்க. கல்லுதான் பொய் சொல்லுச்சு. அவங்க அஞ்சு பேரும் இங்க இருக்காங்க. இங்க கலப்பையத் தூக்கித் தூக்கி என் கை ஓஞ்சு போச்சு. தோண்டுங்க."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. இத்சியார் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காகிதத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். டிராக்டர் மட்கார்டு மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

முள்ளை வெட்டி, மேல்மண்ணைச் சீவி, இத்சியார் குழிக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் கையை உயர்த்தினாள். பொக்லைனை நிறுத்தச் சொல்லும் கை. அதற்கு மேல் நான் விவரிக்க மாட்டேன். ஐந்து பேரும் இருந்தார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் கை போட்டபடி. சிலருடைய விலாவோரம் கோதுமை வைக்கோல் மண்ணில் அச்சாகப் பதிந்திருந்தது. களத்திலிருந்து அப்படியே கொண்டுபோயிருக்கிறார்கள், உடம்பைத் தட்டிவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை. நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை, வாய்விட்டு அழுதேன். நியேவெஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். சீட்டாடினவன் வந்து, "தோமித்திலாக்கா, நேத்து நான்..." என்று ஆரம்பித்தான். "போடா, போய் அந்தப் பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்று விரட்டினேன்.

என் எச்சிலையும் அவர்கள் எலும்பையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எது யார் என்று பார்த்து, பெட்டிகள் திரும்பி வர வசந்தம் ஆகிவிட்டது. ஐந்து சின்ன மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர். ஊர்சபை வாசலில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். மாகாணத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கத் தயாராக இருந்தார்கள்.

"கைய எடுங்க" என்றேன். "இந்த ஊர்ல பெட்டியத் தூக்கறது அதிகாரி இல்ல, சொந்தக்காரங்களும் இல்ல. அண்டை வீட்டுக்காரங்க. அதுதான் எங்க வழக்கம்."

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கொல்லன் பெட்டியைக் கொல்லனின் அண்டை வீட்டுப் பேரப்பிள்ளைகள் எடுத்தார்கள், வாத்தியார் பெட்டியை வாத்தியார் தெருக்காரர்கள் எடுத்தார்கள். அப்பாவின் பெட்டி மேசை மேல் இருந்தது. எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு பக்கமும் இப்போது ஆளில்லை, கூரை இடிந்து கிடக்கிறது. கூட்டத்துக்குக் கடைசியில், சுவரோடு சுவராக எல்பிதியோ நின்றான். அவன் வயலில் இப்போது கால்வாசி குறைந்திருந்தது, ஊர்சபை திரும்ப அளந்து எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி அவன் ஒரு சொல் சொல்லவில்லை.

"எல்பிதியோ! அங்க என்ன பல்லியாட்டம் ஒட்டிக்கிட்டு நிக்கற? வா இங்க."

வந்தான். "என்ன?"

"தூக்கு."

"நானா?" முகம் வெளுத்துவிட்டது. "தோமித்திலா, எங்கப்பன் செஞ்சதுக்கு..."

"உங்கப்பன நான் மன்னிக்கல. மன்னிக்கவும் போறதில்ல, தெரிஞ்சுக்க. அது வேற கணக்கு. ஆனா இவரு எழுபது வருஷமா யாரு பக்கத்துல படுத்திருந்தாரு? யாரு இவரு மேல கலப்ப படாமத் தூக்குனா? நீதான்யா அண்டைக்காரன். தூக்கு."

தூக்கினான். கிழவன் பெட்டியைக் கொஞ்சமும் ஆடவிடவில்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் யாரிடமும் மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று சாதித்தான். நான் பக்கத்தில் நடந்தேன். மேடு ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமே கனமில்ல தோமித்திலா, ரொம்ப லேசா இருக்காரு" என்றான்.

அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டி வைத்திருந்தோம். எல்பிதியோ மண்டி போட்டுப் பெட்டியை இறக்கிவிட்டு எழுந்து தள்ளி நின்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் முழுக்க வாயாடித் திரிகிறவள் ஏதாவது பெரிதாகப் பேசுவாள் என்று காத்திருந்தார்கள். நானும் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன், நல்ல பேச்சு. அது வரவில்லை. குனிந்து, பெட்டியைப் பார்த்து, "அப்பா" என்று கூப்பிட்டேன். எழுபத்திரண்டு வயதில், ஒரு ஆளை நேராகப் பார்த்து அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.